கரண்டு எண்ணெயும் அசீசம்மாவின் கைகளும்

கழுத்தில் கனக்கும் மாலையைக் கழற்றி மடியில் வைக்கலாமா, வைத்தால் மரியாதையாக இருக்குமா என்று அரைமணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கும் நம் தெரு நலச் சங்கத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய அரங்கநாதன் அவர்களே. சங்கத்தின் செயலாளரும், நான் விண்ணப்பித்த அறிவியல் ஆசிரியர் வேலையைப் பதினாறு ஆண்டுகளாகச் செவ்வனே பார்த்து வருபவருமான நண்பர் ராஜாங்கம் அவர்களே. ராஜகிரிக் கோட்டையின் நிழல் நம் தெருவைத் தொடுமுன்பே வந்து முன்வரிசை பிடித்துவிட்ட பெரியோர்களே. கடலை பறித்த கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பந்தலுக்குள் வராமல், மைக்செட் வண்டிக்குப் பின்னால், எல்லோரிடமிருந்தும் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்கும் இன்னொரு தாயே. உங்கள் அனைவருக்கும் இந்த முருகையனின் மாலை வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு அறிவியலும் அன்றாட வாழ்வும். தரப்பட்ட நேரம் இருபது நிமிடம். அழைப்பிதழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நன்றியுரைக்கும் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்றே மேலே, என் பெயர் இருக்கிறது. நான் வாங்கிய பட்டத்தைப் போட இடம் இல்லையாம். ஒலிபெருக்கி அமைப்பாளருக்கு இரண்டு வரி இடம் இருந்திருக்கிறது. இருக்கட்டும். அவர் ஒலியைப் பெருக்குகிறார், நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிறேன். யாருக்கு எவ்வளவு இடம் என்று ஊருக்குத் தெரியாதா என்ன?

டீக்கடையிலிருந்து கோவிந்தசாமி ஏதோ சொல்கிறார். என்னப்பா? "வாத்தியாரே, உன் கதய நாங்க வருஷா வருஷம் கேக்குறோம், மேட்டருக்கு வா, டீ ஆறுது" என்கிறார். நான் வாத்தியார் இல்லை கோவிந்தசாமி, அந்த நாற்காலியில் ராஜாங்கம் இருக்கிறார். ஆனாலும் நீ சொன்னது சரி. மேட்டருக்கு வருகிறேன்.

மேட்டர் தலைவரின் சட்டைப் பையில் இருக்கிறது. நான்காக மடித்த ஒரு தாள். அதில் ஐம்பத்திரண்டு பேர் கையொப்பம். நம் தெருவில் குடியிருக்கும் அசீசுன்னிசா என்கிற அசீசம்மாவுக்குத் தொற்றுநோய் வந்திருக்கிறது, கைப்பட்ட இடமெல்லாம் அது பரவுகிறது, ஆகவே வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவர் வீட்டைக் காலிசெய்து ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று அந்தத் தாள் கேட்கிறது. நான் பேசி அமர்ந்ததும், மூன்றாவது தீர்மானமாக அதைப் படிக்கப்போகிறார்கள். நீங்கள் கை தூக்கப்போகிறீர்கள். அவருடைய மகள் தாஹிராவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் அதற்காகவே காத்திருக்கிறார்கள். நீங்கள் கை தூக்கினால் அந்தத் திருமணமும் அதோடு போயிற்று.

இதற்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைவர் புருவம் உயர்த்துகிறார். சொல்கிறேன் ஐயா. அதற்கு முன் நாம் ஓர் எலியைப் பார்க்க வேண்டும்.

அறுபத்தாறாம் ஆண்டு. சென்னையில் நான் ஆராய்ச்சி மாணவன். என் வேலை, வெள்ளெலிகளுக்குப் புகைக்கரியிலிருந்து எடுத்த தாரைச் சிறு துளி கொடுப்பது. மறுநாள் அதன் ஈரலை எடுத்துப் பார்ப்பது. பார்த்தால் என்ன? நேற்றுவரை சும்மா இருந்த ஈரல், இன்று ஒரு பட்டறையாக மாறியிருக்கிறது. அந்தத் தாரை உடைத்து நொறுக்கி வெளியே தள்ளுவதற்கென்றே ஒரு நொதியை, முன்பு இருந்ததைப்போலப் பல மடங்கு, ஒரே இரவில் செய்து குவித்திருக்கிறது. எலிக்குப் பள்ளிக்கூடம் உண்டா? ஈரலுக்குக் கண் உண்டா? மூக்கு உண்டா? வந்திருப்பது விஷம் என்று அந்த ஈரலுக்கு யார் சொன்னது?

இதைத்தான் என் பேராசிரியரிடம் கேட்டேன். ஐயா, ஈரலுக்கு யார் சொன்னது? அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "முருகையன், உன்னை எண்ணத்தான் சொன்னேன், கேட்கச் சொல்லவில்லை" என்றார். எண்ணினேன். மூன்று ஆண்டு எண்ணினேன். நான் எண்ணியது அவர் பெயரில் அச்சாகி வந்தது. அதில் எலிக்கு நன்றி சொல்லியிருந்தார். எனக்குச் சொல்லவில்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். இருபத்தோரு ஆண்டுக்குப் பிறகு எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நான் செஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய், அங்கிருந்து சென்னை போய், திறந்திருக்கிற ஏதாவது ஒரு நூலகத்தில் போய் உட்காருவேன். என் மனைவி அமிர்தவல்லி, இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், அந்த நாளில் எல்லாம் எனக்கு வேறு குடித்தனம் இருக்கிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள். குடித்தனம் இல்லை. கேள்விதான். நான்கு ஆண்டுக்கு முன் ஒருநாள் பதில் கிடைத்தது. கடல் கடந்த நாட்டில் சிலர் கண்டுபிடித்திருந்தார்கள். ஈரலுக்கு யார் சொன்னது என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்கவிட்ட பேராசிரியர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

பதில் என்ன? நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டையை வைத்தே சொல்கிறேன். நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் ஒரு கோட்டை. சுற்றி மதில், நடுவே அரண்மனை, அரண்மனைக்குள் ஏட்டுக் கட்டுகள் அடுக்கிய ஓர் அறை. அந்த ஏடுகளில், அந்தக் கோட்டை என்னென்ன செய்யத் தெரியுமோ அத்தனையும் எழுதியிருக்கிறது. இப்போது கேள்வி, காவல்காரன் எங்கே நிற்பான்? மதில்மேல் நிற்பான் என்பீர்கள். இல்லை. இந்தக் காவல்காரன் மதிலுக்கு உள்ளே நிற்கிறான். ஏன் உள்ளே? செல்லின் மதில் கருங்கல்லால் கட்டியது இல்லை, கொழுப்பால் ஆனது. எண்ணெயில் கரைகிற பொருள் எதுவானாலும் அந்த மதிலுக்குள் நனைந்த துணியில் நீர் இறங்குவதுபோல இறங்கிவிடும். கதவைத் தட்டாமல் வருகிறவனைப் பிடிக்க வேண்டுமானால் காவலன் உள்ளேதானே நிற்கவேண்டும்?

அந்தக் காவலனுக்கு ஏற்பி என்று பெயர். ஒரு புரதம். அதன் உடம்பில் ஒரு பள்ளம். தட்டையான, வளையம் வளையமாகக் கோத்த சில பொருள்கள் மட்டும் அந்தப் பள்ளத்தில் அளவெடுத்ததுபோல உட்காரும். புகைத்தார் உட்காரும். குளோரின் ஏறிய சில செயற்கைப் பொருள்கள் அதைவிட இறுக்கமாக உட்காரும். உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது? அதுவரை அசையாமல் நின்ற காவலன், வந்தவனைக் கையோடு பிடித்துக்கொண்டு அரண்மனைக்குள் போகிறான். ஏட்டறைக்குள் போகிறான். குறிப்பிட்ட ஓர் ஏட்டின் தலைப்பில் போய் நிற்கிறான். ஏடு விரிகிறது, அதிலுள்ள உத்தரவு வாசிக்கப்படுகிறது, பட்டறை எரியத் தொடங்குகிறது, நொதி குவிகிறது. ஈரலுக்குச் சொன்னது யார்? அவன்தான். கண் இல்லை, காது இல்லை, ஒரு பள்ளம் மட்டும். தடவிப்பார்த்தே ஆளை அறிகிறான்.

எனக்கு வியப்பு தீரவில்லை அன்பர்களே. நினைத்துப் பாருங்கள். இந்தக் குளோரின் ஏறிய பொருள்களை மனிதன் ஆலையில் செய்யத் தொடங்கி நூறு வருஷம்கூட ஆகவில்லை. காவலன் அதற்கு எத்தனையோ யுகத்துக்கு முன்பே வந்து நிற்கிறான். எலியிடம் இருக்கிறான், கோழியிடம் இருக்கிறான், நம்மிடம் இருக்கிறான். அப்படியானால் அவன் முதலில் யாருக்காகக் காத்திருந்தான்? காட்டுத்தீயின் புகைக்கா? நாம் தின்கிற கீரையில் உள்ள ஏதோ ஒன்றுக்கா? உடம்பே செய்கிற, நாம் இன்னும் பெயர் வைக்காத ஒன்றுக்கா? யாருக்கும் தெரியாது. எண்பத்தேழாம் ஆண்டு இது, இன்றைக்கு எனக்குத் தெரிந்தவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. இன்னொன்று. இந்த வகையில் மிகக் கொடிய பொருள் ஒன்று இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கினிப்பன்றியைக் கொன்றுவிடும். அதைப்போல ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் வெள்ளெலிக்கு உறவான இன்னொரு சிறு பிராணி தாங்கிக்கொண்டு ஓடும். ஒரே விஷம், ஒரே மாதிரிக் காவலன். ஏன் இந்த வித்தியாசம்? அதுவும் முழுதாகத் தெரியாது. தெரியாது என்று சொல்வதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாயிலிருந்து கமலாம்பாள் அம்மா கேட்கிறார்கள், "காவக்காரன் தான் புடிச்சிட்டானே, அப்றம் இன்னா கொறச்சல்?" அம்மா, பேராசிரியர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

குறை இதுதான். புகைத்தார் வந்தால் நொதி அதை உடைக்கும். உடைக்கிறபோதும் சில சமயம் வீடு கொஞ்சம் சேதமாகும், அது வேறு கதை. ஆனால் உடைந்துபோகும், காவலன் கை ஓயும், ஏடு மூடும். குளோரின் ஏறிய பொருள் அப்படி இல்லை. பட்டறை என்ன அடித்தாலும் உடைவதில்லை. உடம்பின் கொழுப்பில் போய்ப் படுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வெளியே போவதில்லை. காவலன் அவனை விடவும் முடியாமல், கொல்லவும் முடியாமல், ஏட்டறை வாசலிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறான். உத்தரவு போய்க்கொண்டே இருக்கிறது. பகை இல்லாத திசையிலும் முரசு அடித்துக்கொண்டே இருந்தால் கோட்டைக்குள் என்ன ஆகும்? உழுகிறவன் உழவை விடுவான், சமைக்கிறவன் அடுப்பை விடுவான். தோலிலும் அதுதான் நடக்கிறது. எண்ணெய் சுரக்கவேண்டிய நுண்ணிய சுரப்பி, தன் வேலையை மறந்து, தோல் செய்யும் வேலையைச் செய்து, தன் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. கன்ன எலும்பின்மேல், காதுக்குப் பின்னால், கரும்புள்ளி வைத்த பருக்கள். நகம் கறுக்கும். கண்ணிமையில் பீளை கட்டும்.

பலர் தலை மைக்செட் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டது. நான் யாருடைய முகத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அசீசம்மாவின் தொழில் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கு எண்ணெய் தேய்த்துவிடுவார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார். கடலைக் காலத்தில், பகலெல்லாம் குத்துக்காலிட்டுப் பறித்து முட்டி வீங்கி வருகிற பெண்களுக்கு முட்டி நீவிவிடுவார். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று அவர் பார்த்ததில்லை. வலிக்கிற முட்டியும் அதைப் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் அவர் கொண்டுவரமாட்டார். எந்த வீட்டு முட்டியோ அந்த வீட்டு எண்ணெய்.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஊருக்கு ஓர் எண்ணெய் வந்தது. பெயர் கரண்டு எண்ணெய். தெரியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இல்லை. எங்கிருந்து வந்தது? அனந்தபுரம் போகிற வழியில் பழைய இரும்பு வாங்கும் பாண்டுரங்கன், எங்கோ மூடிப்போன ஒரு மில்லிலிருந்து பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கினார். உடைத்தார். உள்ளே இரண்டு பீப்பாய் எண்ணெய். அவரைப் போய்ப் பார்த்தேன். "முப்பது வருஷம் கரண்டு உள்ள ஓடுன எண்ணெ சார். அந்தச் சூடு எங்க போவும்? வலி இன்னா, வாதமே கிட்ட நிக்காது" என்றார். ஏமாற்றுக்காரர் என்று நினைக்காதீர்கள். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். அவரும் தேய்த்திருக்கிறார். முதுகு முழுக்க அதே பருக்கள். "வேர்க்குரு" என்றார்.

எல்லா டிரான்ஸ்ஃபார்மரிலும் இந்த எண்ணெய் இருக்காது. இது பழைய வெளிநாட்டுப் பெட்டி. தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகவே குளோரின் ஏற்றிச் செய்த எண்ணெய். நெருப்பாலேயே எளிதில் அழிக்க முடியாத ஒன்றை நாம் சின்னச் சின்ன பாட்டிலில் வாங்கி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். சூடாக்கித் தேய்த்தோம். வலி கேட்டதா? கொஞ்சம் கேட்டது. அசீசம்மாவின் கைக்குக் கேட்காத வலி எது? ஆனால் பெயர் எண்ணெய்க்குப் போனது. கொஞ்ச நாளில் பருக்கள் வந்தன. அந்தப் பழி மட்டும் கைக்குப் போனது.

தொழுநோய் என்றார்கள். அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வந்து, இறகால் தடவி, குண்டூசியால் குத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். அசீசம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எறகும் தெரியுது, ஊசியும் தெரியுது, சுத்தி நிக்கிறவங்க பார்க்குறதுகூடத் தெரியுது சார்." இது தொழுநோய் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்போதாவது விட்டோமா? தொழுநோய் இல்லையென்றால் அதைவிடப் பெரிய நோய் என்றோம். கைப்பட்டால் ஒட்டும் என்றோம். யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் யார் சொன்னது? அது மட்டும் யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஒருநாள் காலை. என் வீட்டு வாசலில் அசீசம்மா நின்றார். உள்ளே வரவில்லை. தெருவின் எதிர்ச்சாரியிலேயே நின்றார். அந்தக் கையொப்பத் தாளைப் பற்றிக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் முகத்தை இறுக்கிக்கொண்டு போனேன். அவர் கேட்டது இது. "வூட்டம்மா முட்டி எப்டி இருக்குதுங்க? வீக்கம் வத்திச்சா?" வற்றிவிட்டது என்றேன். "வேற எண்ணெ மாத்துங்க சார். வெளக்கெண்ணெ தேய்ச்சா சீயக்கா போட்டாப் போயிடும். நல்லெண்ணெ வெந்நீர்ல போயிடும். இந்தக் கரண்டு எண்ணெ, மண்ணு போட்டுத் தேய்ச்சாலும் கையவுட்டுப் போவமாட்டேங்குது. அம்மா காலுக்கு வாணாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்பர்களே, நான் பட்டம் வாங்கியவன். மாதாமாதம் சென்னை போய்ப் படித்தவன். கொழுப்பில் கரைவது, தோலில் இறங்குவது, வெளியே போகாதது, எல்லாம் தெரிந்தவன். அந்தப் பொருள் என் வீட்டு மாடத்தில் இரண்டு வருஷமாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண்ணின் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே போய் அமிர்தவல்லியின் முட்டியைப் பார்த்தேன். நான் அவள் முட்டியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பதை இந்த மேடையில் சொல்ல வேண்டாம். வலது முட்டியைச் சுற்றி, எண்ணெய் தேய்த்த வட்டம் வரைக்கும், கரும்புள்ளிப் பருக்கள். அதே அசீசம்மா அவளுடைய இடுப்பையும் நீவிவிட்டிருக்கிறார், ஆனால் நல்லெண்ணெயில். இடுப்பில் ஒன்றுகூட இல்லை. இரண்டு இடத்திலும் பட்டது ஒரே கை.

அதன்பிறகு நான் வீடுவீடாக வந்தேன். ஏன் வந்தேன் என்று அப்போது சொல்லவில்லை. ரேஷன் கணக்கெடுப்பு என்று சிலர் நினைத்து மண்ணெண்ணெய் கேட்டீர்கள். அசீசம்மா முட்டி நீவிய வீடுகள் பத்தொன்பது. அதில் எட்டு வீட்டில் பருக்கள். அந்த எட்டு வீட்டிலும் கரண்டு எண்ணெய். பதினோரு வீட்டில் விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய். அந்தப் பதினோரு வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அவர் குளிப்பாட்டிய கைக்குழந்தைகள் ஏழு. ஏழும் வாழைக்குருத்துபோல இருக்கின்றன. ஏனென்றால் பச்சைக் குழந்தைக்குக் கரண்டு எண்ணெய் தேய்க்கும் அளவுக்கு நம் ஊர்த் தாய் யாரும் துணியவில்லை. அந்த ஒரு புத்திக்காக இந்த ஊரை நான் மன்னிக்கிறேன்.

இது போதாது என்பீர்கள். எண்ணிக்கை காட்டினால் மட்டும் போதுமா, முருகையன் எண்ணுவதற்கே பிறந்தவன்தானே என்பீர்கள். சரி. போன சனிக்கிழமை பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தேன். செம்புக் கம்பியை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தொட்டு, மறுபடி சுடரில் காட்ட வேண்டும். எண்ணெயில் குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். நல்லெண்ணெயில் தொட்டேன், மஞ்சள். விளக்கெண்ணெயில் தொட்டேன், மஞ்சள். சாட்சிக்கு ஒருவரைக் கூப்பிட்டேன். பதினாறு வருஷமாக நான் ஒரு நல்ல வார்த்தை பேசாத ஒருவரை. ராஜாங்கம் அவர்களே, வந்தீர்கள். பக்கத்தில் நின்றீர்கள். உங்கள் கையாலேயே கம்பியைக் கரண்டு எண்ணெயில் தொட்டீர்கள். சுடர் என்ன நிறம் என்று இந்த மைக்கில் சொல்லுங்கள்.

தலையாட்டினால் போதாது ஐயா. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. மைக்கை நானே நீட்டுகிறேன்.

கேட்டீர்களா? "பச்சை. கிளிப்பச்சை" என்றார். நன்றி ராஜாங்கம். உங்களுக்கு நான் நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை. எனக்கே விநோதமாக இருக்கிறது.

சரி, கோவிந்தசாமி மறுபடி கேட்கிறார், "எல்லாரும்தான தேய்ச்சோம், அந்தம்மா மூஞ்சி மட்டும் ஏன் அப்டி ஆச்சு?" நல்ல கேள்வி. டீ ஆறட்டும், பதில் சொல்கிறேன். நீ வாரம் ஒருநாள், ஒரு முட்டியில், ஒரு கரண்டி தேய்த்தாய். அவர் எட்டு வீட்டு எண்ணெயை இரண்டு கையிலும் ஏந்தினார். அந்தக் கையாலேயே வியர்வை துடைத்தார். தலை கோதினார். சாப்பிட்டார். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் உள்ள காவலன் லேசாக முரசு தட்டினான். அவர் உடம்பில் எட்டு வீட்டு முரசும் சேர்ந்து அடிக்கிறது.

இப்போது சொல்லுங்கள். நோய் அவர் கையிலிருந்து நம் வீட்டுக்கு வந்ததா? நம் வீட்டு பாட்டிலிலிருந்து அவர் கைக்குப் போனதா? யார் யாருக்குக் கொடுத்தது? அவர் நமக்குக் கொடுத்தது சுகம். நாம் அவருக்குக் கொடுத்தது பருக்கள், கறுத்த நகம், பீளை கட்டிய கண், ஐம்பத்திரண்டு கையொப்பம்.

பலர் தரையைப் பார்க்கிறீர்கள். வேண்டாம். நிமிர்ந்து என்னைப் பாருங்கள். என் பேராசிரியரைச் சொன்னேன், ராஜாங்கத்தைச் சொன்னேன், அழைப்பிதழ் அடித்தவரைக்கூட விடவில்லை. ஒருவனை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தாளில் முப்பத்தொன்றாவது கையொப்பம் முருகையன். பட்டம் போட்டிருக்கிறேன். அழைப்பிதழில் இடம் கிடைக்காத பட்டத்தை, ஒரு பெண்ணைத் துரத்தும் தாளில், நானே இடம் பார்த்து, தெளிவாகப் போட்டிருக்கிறேன். படித்தவன் கையொப்பம் என்று காட்டித்தான் அதற்குப் பிறகு இருபத்தோரு பேரிடம் வாங்கினார்கள். ஈரலுக்கு யார் சொன்னது என்று பதினேழு வருஷம் அலைந்தவன், இது தொற்றுநோய் என்று யார் சொன்னது என்று ஒரு நிமிடம் கேட்கவில்லை.

தலைவர் அவர்களே, அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்கள். கிழிக்கமாட்டேன். அது சங்கத்தின் ஆவணம், கிழிக்க எனக்கு உரிமை இல்லை. ராஜாங்கத்தைப் பார்க்கிறீர்களா? அவரும் கொடுக்கச் சொல்கிறார். நன்றி.

இதோ முப்பத்தொன்று. என் பேனா. அடித்துவிட்டேன். பட்டத்தையும் சேர்த்து.

இதோ என் பை. உள்ளே இருப்பது அமிர்தவல்லியின் கரண்டு எண்ணெய் பாட்டில், பாதி இருக்கிறது. தலைவர் ஒருவழியாகக் கழற்றி மேசையில் வைத்துவிட்ட மாலைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பயப்படாதீர்கள் ஐயா, மூடி இறுக்கமாக இருக்கிறது. வீட்டில் இதை வைத்திருப்பவர்கள் நாளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வாருங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது குளத்துக்குப் போகும். கிணற்றில் போடாதீர்கள். முக்கியமாக அடுப்பில் எரிக்காதீர்கள், அரைகுறையாக எரிந்தால் இன்னும் கொடிய பொருளாக மாறும். கண்ணாடிக் குடுவையில் அடைத்து, பெயர் எழுதிப் பூட்டி வைக்கிறேன். பிறகு என்ன செய்வது? எனக்குத் தெரியாது. எழுதிக் கேட்கிறேன். அசீசம்மாவின் முகம் எப்போது தெளியும்? அதுவும் தெரியாது. புதிதாக எண்ணெய் படாவிட்டால் வருஷங்களில் மெல்ல அடங்கும் என்று படித்திருக்கிறேன். அந்த வருஷங்களை அவர் எங்கே கழிப்பது என்பதுதான் மூன்றாவது தீர்மானம்.

பேனாவை மூடாமல் இந்தத் தாளின் மேல் வைக்கிறேன். எழுந்து வருகிறவர்கள் வரலாம். வராதவர்களை நான் எண்ணமாட்டேன். எண்ணுவதை இன்றோடு விட்டுவிட்டேன்.

கமலாம்பாள் அம்மா எழுந்திருக்கிறார்கள். என்ன அம்மா? "நான் கைநாட்டு வெச்சவ. கைநாட்ட எப்டிப்பா அடிக்கிறது?" நியாயமான சந்தேகம். மேடைக்கு வாருங்கள். பேனா மையையே கட்டைவிரலில் தடவுகிறேன். பழைய கைநாட்டின் மேலேயே புதிதாக ஒன்று வையுங்கள், அது மறைந்துவிடும். வாருங்கள், வழி விடுங்கள். படி உயரம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் யார் பேசுவது? கொஞ்சம் அமைதி. ஆபரேட்டர் தம்பி, இரைச்சலைக் குறை.

"எடது முட்டிய மடக்காத யக்கா, பக்கவாட்டுல ஏறு."

அசீசம்மாவின் குரல் அது. பத்தடி தள்ளி நின்றபடியே சொல்கிறார். கமலாம்பாள் அம்மாவும் பக்கவாட்டில்தான் ஏறுகிறார்கள், பாருங்கள்.

அந்தக் குரலுக்குப் பின் நான் பேச ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தைத் தாண்டிப் பேசவிட்ட தலைவருக்கும், பச்சை என்று சொன்ன செயலாளருக்கும், டீயை ஆறவிட்ட கோவிந்தசாமிக்கும், முட்டியைக் காட்டிய என் மனைவிக்கும், வரிசையில் எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்கும் என் நன்றி. மைக்செட் வண்டிக்குப் பின்னால் நிற்கும் தாயே, உங்களுக்கு என் சலாம். பத்தடியைக் கடந்து பந்தலுக்குள் வாருங்கள், என் நாற்காலி காலியாக இருக்கிறது. வணக்கம்.